மூத்தாளின் கிளட்ச்

மதியம் சாப்பிட்டுவிட்டு, பட்டறையின் பின்பக்கம் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தால், கண்ணை மூடி முடிப்பதற்குள் அவருக்குக் கனவு வந்துவிடும். அந்த நாட்களில் வந்ததெல்லாம் ஒரே கனவுதான். மாடிப்படி இறங்குகிறார். வலது காலுக்குப் படி இருக்கிறது. இடது காலுக்கு இருக்க வேண்டிய படி, இலவம்பஞ்சு மெத்தை மாதிரி மெதுவாக அமுங்கிக்கொண்டே போகிறது. விழவும் மாட்டார், வலிக்கவும் செய்யாது. காலைத் தூக்கலாம் என்று பார்த்தால், தூக்குகிறோமா இல்லையா என்று காலுக்கே தெரியவில்லை. அப்படியே இறங்கிக்கொண்டே இருந்துவிட்டு விழித்துப் பார்க்கும்போது, தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் வட்டம் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு நகர்ந்திருக்கும்.

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர். மெக்கானிக்தான். ஆனால் மற்றவர்களைப் போல் பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரைத் தேடமாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார். பிறகு, "வால்வு. கடைசி வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் கடைசி வால்வுதான் கருகியிருக்கும். இப்படிப் பேர் வாங்கியவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இல்லாமல் இருக்குமா? சத்தம் போடாத கோளாறு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவரே நம்பியதுதான் வினை.

அவருக்கென்று சொந்தமாக ஒரு வண்டி உண்டு. வயதான வண்டி. வாங்கும்போது வானத்தின் நிறம் என்றார்கள். இப்போது பார்த்தால் மழைக்கு முந்தைய வானம். கல்யாணத்துக்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டதால், அவர் மனைவி அதற்கு மூத்தாள் என்று பேர் வைத்துவிட்டாள். "உங்க மூத்தாளத் துடைச்ச துணியோட இந்தப் பக்கம் வராதீங்க" என்பாள். அவள் தையல்காரி. பட்டறையை ஒட்டிய அறையில் மெஷின் போட்டிருந்தாள். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இவர் தட்டுவது அவளுக்கும், அவள் மிதிப்பது இவருக்கும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பயம் வந்தது மூத்தாளில்தான். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தார். கியர் மாற்றக் கிளட்சை அமுக்கினார், விட்டார். வழக்கமாக இடது காலைத் தூக்கினால் பெடலும் கூடவே மேலே வரும், செருப்பின் அடியை விட்டுப் பிரியாது. அன்று கால் அந்தரத்தில் தனியாக நின்றது. அடியில் ஒன்றுமே இல்லை. என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் சரியாகி, வண்டி ஒரு குதி குதித்து ஓடத் தொடங்கியது. பின்னால் வந்தவன் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டுப் போனான்.

வேறு யாராக இருந்தாலும் பெடலைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவருக்கு அந்த எண்ணமே வரவில்லை. மூத்தாளின் கிளட்ச் அவர் கையால் மாட்டியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆகவே கோளாறு வண்டியில் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது கால்தான். 

காலைச் சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கும் இடது காலில்தான் தொடங்கியது. "காலுக்குப் படி தெரியலடா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெயில் ஏறினால் கால் கனக்கிறது என்றார். பிறகு கோல் வந்தது, சக்கர நாற்காலி வந்தது, நோய் காலிலிருந்து மெல்ல மேலே ஏறிக் கையைப் பிடித்து, குரலைப் பிடித்து, போன வருடம் ஆளையே கொண்டுபோய்விட்டது. டாக்டர்கள் அதற்கு ஒரு நீளமான பேர் சொன்னார்கள். மருந்து சொல்லவில்லை. இது குடும்பத்தில் வரக்கூடியதா என்று காதுக்காரர் கேட்டபோது, "சில பேருக்கு வரலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார் டாக்டர். அந்தப் பதில் இவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வாடிக்கைக்காரர்களின் வண்டிகளில் கால் ஒழுங்காகத்தான் இருந்தது. அதைப் பார்த்தாவது மனம் ஆறியிருக்கலாம் அல்லவா? ஆறவில்லை. அண்ணனுக்கும் நல்ல நாள், கெட்ட நாள் என்று இருந்ததே. போதாக்குறைக்கு, பயம் வந்த பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் அவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலையே கவனித்தார். அப்படிக் கவனித்தால் எந்தக் கால்தான் ஒழுங்காக இருக்கும்? அது நடுங்கியது. கனத்தது. மாடிப்படியில்கூட இடது காலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வைத்துப் பார்த்துத்தான் ஏறினார். ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையைச் சரக்கு வேன் ஓட்டும் மச்சான் தலையில் கட்டினார். மூத்தாளை ஒரு பழைய போர்வையால் மூடினார். மனைவி கேட்டதற்கு, "டயர் தேஞ்சிருக்கு" என்றார். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். எதற்கெடுத்தாலும் நூறு கேள்வி கேட்கிறவள் இதை மட்டும் எப்படி விட்டாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியமும் கனவில் இறங்கிக்கொண்டிருந்தார். படிகள் அமுங்கிக்கொண்டிருந்தன. சுற்றிலும் பொன்னிறத் தூசி மிதந்தது. கீழே எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, இரண்டு தடவை கனைத்து மூன்றாவது தடவை எழுகிற சத்தம். மூத்தாள் கிளம்பும் சத்தம். படிக்கட்டுக்குள் இவள் எப்படி வந்தாள் என்று கனவிலேயே யோசித்தார். பிறகு பெட்ரோல் வாசனையும் வந்தது. கனவில் வாசனை வராதே என்று கண்ணைத் திறந்தார்.

எழுந்து முன்பக்கம் போனார். போர்வை தரையில் கிடந்தது. மூத்தாளின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க. முன்னால் மச்சான் நின்று, விமானத்தை இறக்குகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கைகள் அப்படியே நின்றன.

"மாமா, நீங்க தூங்கலையா?"

"தூங்கிட்டுத்தான் இருக்கேன். என்ன நடக்குது இங்க?"

மச்சான் அக்காவைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். அவன் கம்பி நீட்டுவதற்குள் அவள் என்ஜினை நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்.

"ஏங்க, கிளட்ச் ஒட்டுதுங்க."

"எது ஒட்டுது?"

"கிளட்ச் பெடல். அமுக்கினா அங்கேயே நின்னுடுது. கொஞ்சம் கழிச்சு அதுக்கா எப்ப தோணுதோ அப்ப மேல வருது."

வண்டியே ஓட்டத் தெரியாத மனைவி எப்படி அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவருக்கோ ரோஷம் முந்திக்கொண்டது.

"மூத்தாளோட கிளட்ச் ஒட்டாது. நான் மாட்டினது."

"நீங்க மாட்டினதுதான் ஒட்டுது."

"உனக்கு அமுக்கத் தெரியல."

"எனக்கா? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பெடல் மிதிக்கிறவளுக்கா? வந்து குனிஞ்சு பாருங்க."

"வண்டி ஓட்டுறவங்க யாரும் காலைக் குனிஞ்சு பாக்க மாட்டாங்க."

"புதுசா கத்துக்கிறவங்க பாப்போம். அதனாலதான் தெரிஞ்சுது."

அவர் கதவைத் திறந்து, முழங்காலிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலால் பெடலை அமுக்கினாள். பிறகு காலை எடுத்துவிட்டாள். முழுசாக எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பெடல் கீழேயே இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி வழியாக வந்த வெயிலில் அந்தச் சின்ன இரும்புப் பெடலும் அதன் மேல் தேய்ந்த ரப்பரும் தண்ணீருக்கடியில் இருப்பது போல் தெரிந்தன. சத்தமே இல்லை. பிறகு அது அசைந்தது. தூக்கத்திலிருந்து எழுகிறவர்கள் முதலில் ஒரு விரலை அசைப்பார்களே, அப்படி. சாவகாசமாக மேலே வந்து, தன் இடத்தில் நின்றது. ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"இன்னொரு தடவ" என்றார்.

அவள் அமுக்கினாள். எடுத்தாள். பெடல் கீழே தங்கியது. அவளுடைய காலில் ஒரு குறையும் கிடையாது. வாரத்துக்கு ஒரு மூட்டைத் துணி தைக்கிற கால் அது. அந்தக் காலுக்கும் இப்படித்தான் நடக்கிறது. இந்த எண்ணம் அவருக்குள் இறங்கி உட்கார்வதற்குச் சற்று நேரம் பிடித்தது. உட்கார்ந்ததும் கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இன்னும் பிரித்துப் பார்க்கவில்லையே.

"எறங்கு" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தவராக, "நீ எதுக்கு வண்டி கத்துக்கிற?" என்று கேட்டார்.

"யூனிஃபார்ம் ஆர்டர் வருதுல்ல? மூட்டையக் கொண்டுபோய்க் குடுக்க ஒவ்வொரு தடவையும் ஆள் தேடணுமா?" என்றாள் அவள், எங்கோ பார்த்துக்கொண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்பதே சந்தேகம். அதற்குள் தலைகீழாக வண்டிக்குள் புகுந்துவிட்டார்.

முதுகு சீட்டில், தலை பெடலடியில், கால் வெளியே. அப்படிப் படுத்துக்கொண்டுதான் பெடல் வேலை பார்க்க வேண்டும். பெடலிலிருந்து ஒரு கம்பி போய் மாஸ்டர் சிலிண்டர் என்கிற சின்னக் குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், ஆயில் கிளட்சைத் தள்ளும். கால் எடுத்தால் எல்லாம் திரும்பி வர வேண்டும். கம்பியையும் பெடலையும் இணைத்திருந்த பின்னை உருவினார். தனியாகிவிட்ட பெடலை விரலால் தட்டினார். ஊஞ்சல் மாதிரி தாராளமாக ஆடியது. அப்படியென்றால் குற்றம் பெடலில் இல்லை. கம்பியைக் கையால் உள்ளே தள்ளினார். போயிற்று. விட்டார். கோபித்துக்கொண்டு போனவர்கள் மாதிரி உள்ளேயே இருந்துவிட்டது. பிஸ்டன்தான் திரும்பி வர மறுக்கிறது.

எழுந்து வந்து பானெட்டைத் திறந்தார். கிளட்சுக்கு ஆயில் ஊற்றும் சின்ன டப்பாவின் மூடியைத் திருகினார். மூடிக்கு உள்ளே இருந்த ரப்பர், அளவில்லாமல் ஊறி, நெளிந்துபோய் வெளியே வந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்ன மாமா, அப்பளம் பொரிச்ச மாதிரி இருக்கு?" என்றான் மச்சான், ஓடாமல் நின்றுவிட்டதற்கு ஒரு கூலி வேண்டுமே என்று.

"ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டா" என்றார் மனைவியிடம்.

அவள் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்தாள். டப்பாவுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டார். கிளட்சுக்கு ஊற்றுவது பிரேக் ஆயில். அது தண்ணீரில் கரைந்துவிடும். இது கரையவில்லை. பொட்டுப் பொட்டாக மிதந்தது. பிறகு ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, ஊதாவும் பச்சையுமாக விரிந்து, டம்ளரின் வாய் முழுக்கப் படர்ந்தது. மூவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"என்ஜின் ஆயில்" என்றார். "ரப்பரெல்லாம் குடிச்சுப் பெருத்துப்போச்சு. அதான் நகர முடியாம நிக்குது."

"எந்த மடையன் ஊத்தினான்?" என்றான் மச்சான்.

இந்த வண்டியைத் தொட வேறு யாருக்கு அனுமதி உண்டு? அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள், வீட்டில் இருக்க முடியாமல் பட்டறையைத் திறந்தார். வேலை ஒன்றும் இல்லை. கை சும்மா இருக்க மறுத்தது. மூத்தாளுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார், பேட்டரிக்கு ஊற்றினார், எங்கெங்கே மூடி இருக்கிறதோ அங்கெல்லாம் திறந்து எதையாவது ஊற்றினார். கண்ணைத் துடைப்பதும் ஊற்றுவதுமாக இருந்தார். பிரேக் ஆயில் டப்பாவும் என்ஜின் ஆயில் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும், கை மாறியிருக்கும். வண்டியின் பிரேக் டப்பாவிலும் அதையே ஊற்றியிருப்பாரோ என்று பதறிப்போய் அதையும் திறந்து, இன்னொரு டம்ளரில் விட்டுப் பார்த்தார். அது சுத்தமாகக் கரைந்தது. நல்ல வேளை.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். "அண்ணன் போனதுக்கு மறுநாள்."

மச்சான் என்னென்ன ரப்பர் வேண்டும் என்று கேட்டு, வேனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

அவன் வருவதற்குள் மாஸ்டர் சிலிண்டரையும், கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் அதன் ஜோடி சிலிண்டரையும் கழற்றிப் பிரித்துவிட்டார். உள்ளே இருந்த வாஷர்கள் கையில் பிசுபிசுத்தன. குழாய்களை ஸ்பிரிட் ஊற்றி, ஊற்றியது ஊற்றியபடி தெளிவாக வெளியே வரும்வரை கழுவினார். ரப்பர் ஹோஸைத் தூக்கி எறிந்தார். மச்சான் வந்ததும் புது ஹோஸை மாட்டினார். புது வாஷர்களைப் புது பிரேக் ஆயிலில் தோய்த்து, சுண்டு விரலால் உள்ளே நழுவவிட்டார். ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் அமர்ந்தது. வெளியே வெயில் சாய்ந்து, பட்டறை முழுக்க மஞ்சளாக இருந்தது. மச்சானுக்கு ஏற்ற வேண்டிய சரக்கு காத்திருந்ததால் அவன் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இனிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் வண்டிக்கடியில் திருக.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் கீழே படுத்துக்கொண்டு, ஒரு பாட்டிலுக்குள் டியூபை விட்டுப் பிடித்தார்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே பிடி." திருகைத் திறந்தார். டியூபில் குமிழிகள் ஓடின. மூடினார். "விடு."

"விட்டுட்டேன்."

"அமுக்கு."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை, அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் தகரத்தைத் தாண்டிப் போய் வந்தது. குமிழிகள் பெரிதாக வந்து, சிறிதாகி, பொடியாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆயில் மட்டும் அமைதியாக வந்தது. அவருக்கு எழுந்திருக்க மனமில்லை. எழுந்தால் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்க வேண்டும். பெடல் சரியாகி, கால் அப்போதும் அந்தரத்தில் நின்றால்?

"தூங்கிட்டீங்களா கீழ?" என்றாள்.

அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் இறங்கிய சீட்டில் உட்கார்ந்தார். அவள் மறுபக்கம் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இடது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். அமுக்கினார். மெல்ல விட்டார்.

பெடல் வந்தது. செருப்பின் அடியைவிட்டுப் பிரியாமல், கூடவே வந்தது. வந்தது மட்டுமல்ல, ஸ்பிரிங்கின் பலத்தோடு அவருடைய காலை மேலே தூக்கிவிட்டது. மறுபடி அமுக்கினார். மறுபடி தூக்கியது. சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, வெட்கமில்லாமல் அழுதார்.

"கால் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "அண்ணனுக்கு மாதிரி."

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காது உங்களுக்கு மட்டும்தான் இருக்கா? நீங்க மாடிப்படி ஏறும்போது ஒரு கால் ஒரு மாதிரி விழுது, இன்னொரு கால் வேற மாதிரி விழுது. மெஷின நிறுத்திட்டுக் கேட்டுட்டே இருப்பேன்."

"ஏன் கேக்கல என்னை?"

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள். சொல்லிவிட்டு அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணி ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போக, யாராவது வண்டி எடுப்பாங்களான்னு வாசல்ல நின்னாங்க. நம்மளையும் எத்தனை தடவ கூப்பிட்டாங்க. வண்டி வர்ற வரைக்கும் அவரை நாற்காலியில உக்கார வெச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு நிப்பாங்க. நான் அப்படி நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். ஒரு நாளும் உங்களை அப்படிக் காக்க வெக்கக் கூடாதுன்னு. அதான் தம்பிகிட்டக் கத்துக்கிட்டேன்."

யூனிஃபார்ம் மூட்டை எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. இத்தனை நாளாக இவர் தன் காலோடு தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். அவள் அதற்குள் கடைசிப் படிவரை போய், அங்கே என்ன தேவைப்படும் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சரி, இனி எதுக்கு எனக்கு அது?" என்றாள். "நீங்களே ஓட்டிக்கலாம். எனக்குத் தையல் கெடக்கு."

அவர் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார். இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கக் கதவைத் திறந்து, "நகரு" என்றார்.

மூத்தாள் கனைத்து எழுந்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறக்கினாள். கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது காலும் பக்கத்து சீட்டின் தரையை அமுக்கியது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். குறை சொல்லும்படிதான் ஓட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் நேரம். கடைகளும் மனிதர்களும் மிதந்து பின்னால் போனார்கள். முனை திரும்பியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். பிறகு கிளட்சை அமுக்கி, பிரேக்கை அமுக்கி, நடுத்தெருவில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"ரோடு தெரியல" என்றாள்.

அப்போதுதான் பார்த்தார். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அத்தனை மாதமும் ஒரு சொட்டு விடாமல் அடக்கி வைத்திருந்தவள், இப்போது தோள் குலுங்க அழுதாள். கால்கள் இரண்டும் பெடல்களை விடாமல் அமுக்கியபடி இருந்தன. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. யாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மறுகையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சுற்றிக்கொண்டு போங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்.